உயிரணுவின் உணவு மறைபொருளாகலாமா?

2021ஆம் ஆண்டு ஜூன் திங்கள். பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் உற்றாரை இழந்தவர்களின் கண்ணீர் காயாத நாள்கள் அவை. தடுப்பூசிக்காக மக்கள் வரிசையில் காத்துநின்ற அவ்வேளையில், கோவேக்சின் தடுப்பூசியில் இளங்கன்றின் குருதியிலிருந்து பிரித்த ஊநீர் கலந்திருக்கிறது என்னும் செய்தி நாடெங்கும் பரவியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அளித்த மறுமொழியே அதன் ஊற்றுக்கண். ஜூன் 16 அன்று மத்திய நலவாழ்வு அமைச்சகம் விளக்கம் வெளியிட்டது. வெரோ எனப்படும் உயிரணுக்களை வளர்ப்பதற்கு மட்டுமே அந்த ஊநீர் பயன்படுகிறது. வளர்ந்த உயிரணுக்கள் நீராலும் வேதிக் கரைசல்களாலும் பலமுறை கழுவப்படுகின்றன. அதன் பின்னரே தீநுண்மி அவற்றுள் செலுத்தப்படுகிறது. தீநுண்மி பெருகும்போது உயிரணுக்கள் அழிந்துபோகின்றன. பெருகிய தீநுண்மியும் கொல்லப்பட்டுத் தூய்மையாக்கப்படுகிறது. இறுதி மருந்தில் ஊநீர் இல்லை என்றது அவ்விளக்கம்.

அவ்விளக்கத்தில் பிழையில்லை. பல பத்தாண்டுகளாக உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறையே அது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, உயிரணு வளர்ப்பில் செய்யும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் ஒரு வேளை மருந்தில் ஊநீர்ப் புரதமான மாட்டு ஆல்புமின் 50 நானோகிராமுக்கு மேல் எஞ்சியிருத்தல் ஆகாது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஐம்பது பங்கு என்னும் அளவு அது. ஆகவே மருந்தைக் குறித்து அஞ்சுவதற்கு ஏதும் இருக்கவில்லை. வருத்தத்துக்குரியது வேறொன்று. மக்கள் அறிந்திருக்க வேண்டிய எளிய உண்மை, ஐயம் காட்டுத்தீயாய்ப் பரவிய பின்னரே, அதுவும் தற்காப்பு மொழியிலேயே சொல்லப்பட்டது. ஊசி போடத் தொடங்கிய சனவரியிலேயே அதே ஐந்தாறு வரிகள் நாட்டு மொழிகள் அனைத்திலும் அச்சாகியிருந்தால், ஜூன் மாதத்தில் எவரும் திடுக்கிட்டிருக்கமாட்டார்கள்.

தடுப்பூசியை ஈனும் உயிரணுக்களுக்கு நாம் என்ன ஊட்டுகிறோம்? அந்த அறிவு யாருக்கு உரியது? இவ்விரு வினாக்களையும் நாடு இன்னும் முறையாக எதிர்கொள்ளவில்லை என்பதே நம் கவலை.

தீநுண்மி தனித்துப் பெருக வல்லதன்று; உயிருள்ள அணுவொன்றின் உள்ளே புகுந்தால்தான் அது பல்கும். எனவே தீநுண்மித் தடுப்பூசி வேண்டுமாயின் முதலில் உயிரணுக்களை வளர்க்க வேண்டும். 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யசுமுரா, கவகிதா என்னும் அறிஞர்கள் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்த வெரோ வழி உயிரணுக்கள், இன்று இத்தொழிலின் முதுகெலும்பு. தீநுண்மியைக் கண்டதும் பிற உயிரணுக்கள் எச்சரிக்கையாய்ச் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தை இவை சுரப்பதில்லை; ஆகவே உள்ளே வந்த தீநுண்மி தடையின்றிப் பெருகுகிறது. போலியோ, வெறிநாய்க்கடி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ரோட்டா வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் இவற்றில் விளைகின்றன. உயிர்வினைக்கலன் என்னும் பெருங்கலத்துள், நுண்மணிகளின் மேல் இவ்வுயிரணுக்கள் படிந்து வளர்கின்றன. அவற்றைச் சூழ்ந்துள்ள நீர்மமே அவற்றின் உணவு; அவற்றின் மூச்சும் கழிவும் அதனுள்ளேயே.

அந்நீர்மத்தில் என்னென்ன உண்டு? உப்புகள், குளுக்கோஸ், வைட்டமின்கள், அமினோ அமிலங்கள் ஆகியவை அடிப்படை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு ஆய்வகத்தில் ஹாரி ஈகிள் 1950களில் ஒவ்வொரு பொருளாக நீக்கியும் சேர்த்தும் பார்த்து, உயிரணு வாழ இன்றியமையாத அமினோ அமிலங்கள் 13 என்று நிறுவினார். முழு உடலுக்குப் புறத்திலிருந்து வேண்டுவது 9 மட்டுமே. ஈரலும் பிற உறுப்புகளும் ஆக்கித் தருவதை, உடலிலிருந்து பிரிந்து தனித்த உயிரணுவுக்கு நாமே ஊட்டியாக வேண்டும் என்பது இதனால் விளங்கியது. அவற்றுள் குளூட்டமின் எல்லாவற்றினும் மிகுதியாகத் தேவைப்படுவது; ஆயினும் கரைசலில் நில்லாமல் நாளுக்கு நாள் சிதைந்து, உயிரணுவுக்கு நஞ்சாகும் அம்மோனியாவை வெளிவிடுவது. அதனால் இக்காலத்தில் அதனை வேறோர் அமினோ அமிலத்துடன் இணைத்து, உயிரணு தனக்கு வேண்டும்போது பிரித்துக்கொள்ளுமாறு ஊட்டுகிறார்கள். ஊட்டத்தின் அளவு கூடினாலும் குறைந்தாலும் விளைச்சல் கெடும் நுண்மை இத்துறைக்கு உண்டு.

ஈகிள் வகுத்த நீர்மத்திலும் ஒரு குறை எஞ்சியிருந்தது. விலங்கின் ஊநீரைச் சிறிதளவு, பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு சேர்த்தால்தான் உயிரணுக்கள் ஒட்டிப் பிடித்துப் பல்கின. ஊநீரில் ஆல்புமின் உண்டு. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் உண்டு. இன்சுலினும் பிற வளர்ச்சிக் காரணிகளும் கொழுப்புகளும் உண்டு. உயிரணுவைத் தளத்தோடு பற்றச்செய்யும் புரதங்களும் உண்டு. ஒட்டிய உயிரணுக்களைப் பெயர்த்தெடுக்கப் பயன்படும் டிரிப்சின் என்னும் நொதி, வேலை முடிந்த பின்னும் அவற்றை அரிக்காமல் தடுத்து நிறுத்துவதும் ஊநீரே. இத்தனை பணிகளையும் ஒன்றே செய்வதால் அது ஆய்வுக்கூடங்களில் நிலைபெற்றது. 1950களின் இறுதி முதல், கன்றுக் கருவின் ஊநீர் எல்லாவற்றினும் சிறந்ததெனக் கொள்ளப்பட்டது. இறைச்சிக் கூடத்தில் சினைப்பசு வெட்டப்படும்போது அதன் வயிற்றுக் கருவின் இதயத்தில் ஊசியைச் செலுத்திக் குருதியை எடுத்து, உறையவைத்துப் பிரிப்பது அது. இதனை எழுதும்போது நம் உள்ளம் கூசுகிறது. ஆனால் எழுதாமல் விடுவது நேர்மையன்று; உயிர் காக்கும் கலையின் அடியில் இப்படியொரு செயல் இருப்பதை அறியும் உரிமை, அந்த மருந்தால் உயிர் காக்கப்படுவோர்க்கு உண்டு.

ஊநீரில் இருப்பனவற்றுள் பலவற்றை அறிவியல் அறிந்துள்ளது. எல்லாவற்றையும் அறிந்ததில்லை. ஒரு மந்தையின் ஊநீர் இன்னொன்றைப் போல் இராது. ஒரு பருவத்தினது மறு பருவத்தினதைப் போல் இராது. இந்த அறியாமை விளைத்த கேடுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நோபெல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கேரல், 1912இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வகத்தில் கோழிக்கருவின் இதயத் துணுக்கு ஒன்றை வளர்க்கத் தொடங்கினார். கேரல் 1944இல் மறைந்த பின்னும் அவ்வளர்ப்பு தொடர்ந்தது. 34 ஆண்டுகள் அது உயிரோடிருந்ததாக உலகம் வியந்தது. உடலை விட்டுப் பிரிந்த உயிரணுவுக்கு இறப்பே இல்லை என்னும் கோட்பாடு பாடநூல்களில் ஏறியது. 1961இல் லெனார்ட் ஹேஃபிளிக், பால் மூர்ஹெட் ஆகியோர், இயல்பான மனித உயிரணு ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடும் என்று காட்டியபோது அக்கோட்பாடு சரிந்தது. கேரலின் கூடத்தில் நாள்தோறும் உணவாக ஊற்றப்பட்ட கோழிக்கருச் சாற்றிலேயே உயிருள்ள புது அணுக்கள் கலந்து வந்திருக்கலாம் என்பதே பின்வந்த அறிஞர் பலரின் கருத்து. அது சரியாயின், உணவில் இருந்தது இன்னதென்று அறியாத காரணத்தால், ஒரு துறையே அரை நூற்றாண்டு தவறான ஒன்றை உண்மையென நம்பியிருந்தது.

அதனால் எவர் உயிருக்கும் தீங்கு நேரவில்லை. 1942இல் நேர்ந்தது அத்தகையதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் புறப்பட்ட அமெரிக்கப் படையினர்க்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. கோழிக்கருவில் வளர்த்த தீநுண்மி சிதையாமல் நிலைத்திருக்க வேண்டுமென்று, அதனுடன் மனிதக் குருதியின் ஊநீரைச் சேர்த்திருந்தார்கள். அந்த ஊநீரைத் தந்தவர்களுள் சிலர் கல்லீரல் அழற்சி பி தீநுண்மியைத் தம் குருதியில் சுமந்திருந்தனர். அப்படியொரு தீநுண்மி உண்டென்பதே அன்று எவர்க்கும் தெரியாது. விளைவாக ஏறத்தாழ 50,000 பேர் மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைகளில் கிடந்தனர். தொற்றுக்கு ஆளானோர் ஏறத்தாழ 3,30,000 பேர் என்று பல ஆண்டுகளுக்குப் பின் குருதியை ஆய்ந்து மதிப்பிட்டார்கள். ஊநீரை நீக்கி நீரில் மட்டும் கரைத்துத் தடுப்பூசி செய்யத் தொடங்கியதும் அந்நோய் நின்றது. இதில் நெஞ்சை அறுப்பது யாதெனில், பிரேசிலில் முன்னரே இத்தகைய காமாலை கண்டறியப்பட்டு, அங்கே ஊநீர் கைவிடப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அது சேர வேண்டிய இடத்தைச் சேரவில்லை.

காலம் மாறியது, சோதனைகள் பெருகின. ஆயினும் இடர் முற்றாக நீங்கிவிடவில்லை. பிரிட்டனில் மாடுகளின் மூளையைச் சிதைத்த நோய் 1986இல் கண்டறியப்பட்டு, 1996இல் மனிதரையும் அது தாக்குவது உறுதியானபோது, மாட்டுப் பொருள் கலந்த ஒவ்வொரு மருந்தின் மேலும் உலகின் பார்வை திரும்பியது. 2000 அக்டோபரில் பிரிட்டன் ஒரு போலியோ சொட்டு மருந்தைத் திரும்பப் பெற்றது. அதன் தயாரிப்பில் பிரிட்டிஷ் மாடுகளின் பொருள் பயன்பட்டிருந்தது. 2009 ஜூனில் அமெரிக்காவின் ஜென்சைம் நிறுவனம் தன் ஆல்ஸ்டன் ஆலையை நிறுத்த நேர்ந்தது. உயிரணுக்களுக்கு ஊட்டிய சத்துப் பொருள் ஒன்றின் வழியே வெசி என்னும் தீநுண்மி கலன்களுள் நுழைந்திருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. அங்கே செய்யப்பட்டவை தடுப்பூசிகள் அல்ல. அரிய மரபுநோயாளிகள் வாழ்நாள் முழுதும் சார்ந்திருக்கும் நொதி மருந்துகள். தீநுண்மி மனிதரைத் தாக்காதது என்றாலும், மருந்து கிடைக்காமல் அந்நோயாளிகள் பல மாதங்கள் தவித்தனர். 2010 மார்ச்சில் ரோட்டாரிக்ஸ் தடுப்பூசியில் பன்றியின் சர்க்கோ தீநுண்மி இருப்பது தெரியவந்தது. உயிரணுக்களைப் பெயர்க்கப் பயன்பட்ட, பன்றிக் கணையத்து டிரிப்சினே அதற்கு மூலம் எனக் கருதப்பட்டது. அதுவும் மனிதருக்குத் தீங்கற்றது. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு சில வாரங்கள் அம்மருந்தை நிறுத்திவைத்து, மே திங்களில் மீண்டும் இசைவளித்தது.

இவற்றை அடுக்கிச் சொல்வது தடுப்பூசிமேல் ஐயம் விதைப்பதற்காக அன்று. இதன் மறுபக்கத்தைத் தமிழ்நாடு நன்கறியும். 1907இல் நிறுவப்பட்ட குன்னூர்ப் பாஸ்டியர் நிலையம் நெடுங்காலம் ஆட்டு மூளையிலிருந்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி செய்தது. தொப்புளைச் சுற்றி நாள் தவறாமல் போட்டுக்கொண்ட அந்த ஊசியின் வலியை நினைவில் வைத்திருப்போர் நம் ஊர்களில் இன்றும் உள்ளனர். மூளைத் திசு கலந்திருந்ததால் போட்டுக்கொண்டோருள் சிலருக்கு நரம்பு வாதமும் நேர்ந்தது. 2004இன் இறுதியில் இந்தியா அவ்வகைத் தடுப்பூசியைக் கைவிட்டது. குன்னூரும் வெரோ உயிரணுக்களில் தடுப்பூசி செய்யும் முறைக்கு மாறியது. உயிரணு வளர்ப்பு பல்லாயிரம் பேரை வாதத்திலிருந்தும் சாவிலிருந்தும் காத்திருக்கிறது. உயிரணு வளர்ப்பில் உணவு மட்டுமே இடரின் வாயில் என்பதும் இல்லை. 1955 முதல் 1963 வரை போலியோ தடுப்பூசியில் புகுந்த எஸ்.வி.40 தீநுண்மி, குரங்கின் சிறுநீரகத்திலிருந்தே வந்தது, ஊட்டத்திலிருந்து அன்று. ஆனால் உயிரணு வழியை ஒருமுறை தேர்ந்து, சோதித்து, வங்கியில் உறையவைத்துவிட்டால் அதன் இயல்பு நமக்குத் தெரிந்துவிடும். உணவு அப்படியன்று, ஒவ்வொரு தொகுதிக்கும் புதிதாக வெளியிலிருந்து வந்து சேர்வது அது. எனவே விழிப்பு மிகவும் வேண்டிய இடமும் அதுவே.

ஊநீருக்குக் காமாக் கதிரூட்டித் தீநுண்மிகளைக் கொல்கிறார்கள். மாட்டு வயிற்றுப்போக்குத் தீநுண்மி உள்ளிட்டவை உண்டா என்று சோதிக்கிறார்கள். மாட்டு மூளையைச் சிதைக்கும் நோய் அணுகாத ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் ஊநீரையே விரும்பி வாங்குகிறார்கள். இவை தேவையானவை. ஆனால் கதிர் மிகுந்தால் வளர்ச்சிக் காரணிகளும் சிதையும். சோதனை, நாம் அறிந்த தீநுண்மியையே தேடும். 1942இல் தேடுவதற்கே எவர்க்கும் பெயர் தெரியாதிருந்தது.

ஆகவே ஊநீரை விட்டு அகல்வதே நிலையான வழி. அது கனவன்று. டேவிட் பார்ன்ஸ், கார்டன் சேட்டோ ஆகியோர் 1980இல், இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், பற்றுப் புரதம் முதலியவற்றைத் தனித்தனியே அளந்து சேர்த்தால் ஊநீரின் பணியை நிறைவேற்றலாம் என்று காட்டினர். செலினியம் என்னும் கனிமத்தின் நுண்ணளவு அதனுடன் சேர்ந்தது. 2009இல் ஐரோப்பா இசைவளித்த செல்வபான் என்னும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி, ஊநீர் சேராத நீர்மத்தில் வெரோ உயிரணுக்களில் விளைந்தது. 2012இல் அமெரிக்கா ஏற்ற ஃபுளுசெல்வாக்ஸ், நாயின் சிறுநீரக உயிரணுக்களை ஊநீரின்றி மிதக்கவிட்டு வளர்த்துச் செய்யப்படுவது. மனித ஆல்புமினை நெல்மணியிலேயே விளைவிக்க இயலும் என்று சீனத்து வூகான் பல்கலைக்கழக அறிஞர் 2011இல் அறிவித்தனர். அமெரிக்காவில் நெல்லிலிருந்து எடுத்த ஆல்புமின் உயிரணு வளர்ப்புக்கென விற்பனையிலும் உள்ளது. நெல்லையே வாழ்வாகக் கொண்ட நமக்கு இச்செய்தி சிந்திக்கத் தக்கது.

எளிதென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஊநீரற்ற நீர்மத்தில் வெரோ உயிரணு மென்மையாகிவிடுகிறது. கலக்கும் துடுப்பின் விசையையும் தாங்காது. டிரிப்சினை அடக்கச் சோயாவிலிருந்து எடுத்த தடுப்பான் தனியே வேண்டும். ஊநீருக்கு மாற்றாகச் சேர்க்கும் சோயா, ஈஸ்ட் முதலியவற்றின் நொதிச் சாறுகளும் விளைச்சலுக்கு விளைச்சல் வேறுபடுகின்றன. பழைய அறியாமை வேறு வடிவில் திரும்பி வந்துவிடுகிறது. மேலும், ஏற்கெனவே இசைவு பெற்ற தடுப்பூசியின் ஊட்டத்தை மாற்றினால், மருந்து முன்போலவே உள்ளதென மெய்ப்பிக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் செலவாகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் முறையை மாற்ற நிறுவனங்கள் தயங்குவதில் பொருளுண்டு. இதனால்தான் இது தனியார் விருப்பத்துக்கு மட்டும் விடத்தக்க பணியன்று என்கிறோம்.

இவற்றினும் பெரிய தடை ஒன்று உண்டு. ஊநீரற்ற நீர்மங்களுள் மிகப் பல, சில பன்னாட்டு நிறுவனங்களின் மறைபொருள். குப்பியின்மேல் பெயர் இருக்கும்; உள்ளே என்னென்ன, எவ்வெவ்வளவு என்பது இராது. தடுப்பூசி செய்யும் நிறுவனமே அதனை அறியாது. சில நாடுகளில் அக்கலவையின் விவரம் ஒழுங்குமுறை அமைப்பிடம் மட்டும் கமுக்கக் கோப்பாக ஒப்படைக்கப்படுகிறது. விலங்கின் உடலில் இருந்த அறியாமையிலிருந்து தப்பி, வணிகத்தின் பூட்டுக்குள் சிக்குவது முன்னேற்றம் ஆகுமா? நாளை அந்நிறுவனம் ஒரு பொருளை மாற்றினால், விலையை உயர்த்தினால், அல்லது செய்வதையே நிறுத்தினால், அதனை நம்பிக் கட்டிய தடுப்பூசியின் நிலை என்ன?

இத்துறை இப்படிப் பிறந்ததன்று. கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கானாட் ஆய்வகங்களில் ஜோசப் மார்கன், ஹெலன் மார்ட்டன், ரேமண்ட் பார்க்கர் ஆகியோர், விலங்கின் சாறு எதுவும் கலவாமல் உயிரணுவை உயிரோடு வைத்திருக்கும் செயற்கை நீர்மம் ஒன்றைத் தேடினர். 60க்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்ட அந்த 199ஆம் எண் நீர்மத்தின் கலவை முழுவதையும் 1950இல் ஆய்விதழில் வெளியிட்டனர். அவர்கள் தேடியது புற்றுநோய் ஆய்வுக்காக. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பாஸ்டனில் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரெடரிக் ராபின்ஸ் ஆகிய மூவர், நரம்பல்லாத திசுக்களிலும் போலியோ தீநுண்மி வளரும் என்று கண்டிருந்தனர். 1954இன் நோபெல் பரிசு அதற்கே. இவ்விரண்டு அறிவும் இணைந்தன. ஊநீர் கலவாத 199ஆம் நீர்மத்தில், குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் போலியோ தீநுண்மி செழித்தது. ஜோனாஸ் சால்க் அதனைக் கைக்கொண்டார். கானாட்டின் லியோன் ஃபாரல் என்னும் பெண் அறிஞர், பெரிய கண்ணாடிக் குப்பிகளை மெல்ல அசைத்தபடியே வைத்திருந்து தீநுண்மியைப் பேரளவில் விளைவிக்கும் முறையை வகுத்தார். 1954இல் 18 இலட்சம் சிறார் பங்கேற்ற மாபெரும் கள ஆய்வுக்கான தீநுண்மி நீர்மம் அவ்வாறே கிடைத்தது. 1955 ஏப்ரல் 12 அன்று அத்தடுப்பூசி பயன் தருவதென உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பொது ஆய்வகம் ஒன்று தான் கண்ட உணவுக் கலவையை ஒளிக்காமல் வெளியிட்டதால், எங்கோ ஒருவர் அதைக் கொண்டு உலகின் பிள்ளைகளைக் காக்க முடிந்தது. எழுபதாண்டுகள் கடந்த பின்னும் அந்நீர்மத்தை எந்நாட்டவரும் செய்யலாம். நம் நாட்டிலும் செய்து விற்கிறார்கள். அந்த மரபைத்தான் நாம் இழந்து வருகிறோம்.

இழப்பின் விலையை 2021இலேயே கண்டோம். அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று, சீரம் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் அதார் பூனாவாலா, மூலப்பொருள் ஏற்றுமதிமீதான தடையை விலக்குமாறு அமெரிக்கக் குடியரசுத் தலைவரிடம் வெளிப்படையாக வேண்டினார். உலகிலேயே மிகுதியாகத் தடுப்பூசி செய்யும் நிறுவனம் வேண்டியது மருந்தையன்று. மருந்து செய்வதற்கான பொருள்களை. வளர்ப்பு நீர்மமும் வடிகட்டியும் கலன்களுக்கான பைகளும் அத்தட்டுப்பாட்டில் அடங்கியவை. சில நாள்களில் அமெரிக்கா மனமிரங்கியது. மனமிரங்காதிருந்தால்? சுடுகாடுகளில் இடமின்றி மக்கள் கதறிய அந்நாள்களில் ஒரு நாடு இந்நிலையில் நின்றிருக்கலாகாது.

மக்களின் மனச்சான்றும் இங்கே எண்ணத்தக்கது. 2018 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் உலமா மன்றம், இந்தியாவிலிருந்து சென்ற தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசியில் பன்றியினின்று பெற்ற பொருள் பயன்பட்டிருப்பதால் அது விலக்கப்பட்டதே என்றும், வேறு தடுப்பூசி இல்லாமையால் இப்போதைக்கு ஏற்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. இசைவு இருந்தும், ஆச்சே மாநிலத்தில் ஊசி பெற்ற சிறார் மிகச் சிலரே. பசுவைப் போற்றுவோரும், பன்றியை விலக்குவோரும், உயிர்க்கொலையே ஆகாதென்போரும் நம் நாட்டில் கலந்து வாழ்கிறார்கள். அவர்களின் தயக்கத்தை மூடத்தனம் என்று ஒதுக்குவது அரசுக்கு அழகன்று. விலங்கின் பொருளே வேண்டாத முறை அறிவியலுக்கு எட்டியிருக்கும்போது, அதனை நோக்கி நடப்பதே அவர்களுக்குச் செய்யும் மதிப்பு. அதுவரை உள்ளதை உள்ளபடி சொல்வது கடமை.

எனவே நடுவண் அரசும் மாநில அரசும் செய்யத்தக்கன சில உண்டு. இசைவு கோரும் ஒவ்வொரு தடுப்பூசிக்கும், உயிரணு வளர்ப்பில் பயன்பட்ட ஊநீர், நொதி, ஊட்டச் சேர்மங்கள் அனைத்தின் மூலமும் நாடும் விலங்கும் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாக வேண்டும்; அவற்றுள் மக்கள் அறிய வேண்டியவை ஊசியோடு வரும் தாளில் தமிழ் உள்ளிட்ட நாட்டு மொழிகளில் அச்சாக வேண்டும். கலவையை வெளியிட மறுக்கும் நிறுவனத்தின் நீர்மத்தைப் பொதுப்பணத்தில் வாங்கும் தடுப்பூசிக்குப் பயன்படுத்தலாகாது என்னும் விதி, சில ஆண்டுக் கெடுவோடு கொண்டுவரப்பட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் மாற்று ஒன்றை நாடே ஆக்கித் தர வேண்டும்: வெரோ உயிரணுவுக்கென, விலங்குப் பொருள் சேராத, கலவை முழுதும் வெளியிடப்பட்ட பொது நீர்மம். அதற்கான உறுப்புகள் பலவும் நம்மிடம் உள்ளன. மறுசேர்க்கை முறையில் இன்சுலின் செய்யும் திறனைப் பெங்களூரு 2004இலேயே காட்டிவிட்டது. வளர்ப்பு நீர்மத் தூள்களைச் செய்யும் நிறுவனங்கள் மும்பையில் உள்ளன. சோயாவுக்கும் ஈஸ்டுக்கும் நெல்லுக்கும் பஞ்சமில்லை. இவற்றை ஒன்றுகூட்டி, அளந்து, சோதித்து, முடிவை வெளியிடும் பொது ஆய்வகம் ஒன்றே வேண்டுவது.

அதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. 2008இல் உரிமம் நிறுத்தப்பட்டுத் துவண்டு, பின் மீண்டெழுந்த குன்னூர் நிலையத்தில், வெரோ உயிரணுக்களோடு பல்லாண்டு பழகிய கைகள் உள்ளன. செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 100 ஏக்கர் நிலத்தில், 2012இல் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் இசைவு பெற்ற ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம், பெருந்தொற்றின் நடுவே 2021 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்று பார்த்தபோது உற்பத்தியின்றிக் கிடந்தது. அதனை மாநிலத்திடம் ஒப்படைக்குமாறு அவர் தலைமையமைச்சருக்கு எழுதினார். அவ்வளாகத்தின் முழு உற்பத்தி குறித்த பேச்சு எத்தனை ஆண்டு நீண்டாலும், அதன் ஒரு பகுதியை வளர்ப்பு நீர்ம ஆய்வுக்கென இப்போதே பிரித்துக் குன்னூரோடு இணைப்பதற்கு எந்தத் தடையும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அதற்கென நிதி ஒதுக்கி, முதலில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கான வெரோ நீர்மத்தை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். நாய்க்கடிக்கு ஆளாகி அரசு மருத்துவமனையின் வாயிலில் நிற்போர், பெரும்பாலும் வேறிடம் செல்ல வழியற்ற எளியோரும் சிறாருமே.